கணக்கின் உறுதியும் செலவின் வரம்பும்

நெல் விற்ற பணத்தை ரொக்கமாக எண்ணி வாங்கி மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை எடை போட்டுக் கொடுத்தால், அதற்குரிய தொகை விவசாயியின் வங்கிக் கணக்குக்கே சென்று சேருகின்றது. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டொன்றுக்கு மூன்று தவணைகளாக வரும் 6,000 ரூபாயும் அவ்வாறே வருகின்றது. உரக்கடையிலும் மளிகைக் கடையிலும் தேநீர்க் கடையிலும்கூடக் கட்டம் போட்ட க்யூ.ஆர். அட்டை தொங்குகின்றது. கைப்பேசியை அதன் எதிரில் காட்டிப் பணம் செலுத்தும் வழக்கம் நம் கிராமங்களில் வேரூன்றிவிட்டது.

இவ்வசதியோடு ஒரு சங்கடமும் வந்திருக்கின்றது. கணக்கில் பணம் இருக்கும். அறுவடை இயந்திரத்துக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். ஆனால் கைப்பேசியோ, ‘கணக்குச் சரிபார்ப்பு முடியவில்லை’ என்றோ, ‘இன்றைய வரம்பு கடந்துவிட்டது’ என்றோ கூறி நின்றுவிடும். தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாத நிலையில் விவசாயி வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுகின்றது. இத்தொல்லை ஏன் நேருகின்றது, இதனை முன்கூட்டியே தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சரிபார்ப்பு எதற்காக?

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுச் சென்றால், நம்மை அறிந்த ஒருவரின் ஜாமீன் கேட்கிறார்கள். பஞ்சாயத்தின் காசோலையில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால் போதாது. இருவர் கையொப்பமிட வேண்டும். இவ்விதிகள் யாரையும் அவமதிப்பதற்காக ஏற்பட்டவையல்ல. பொதுப்பணத்தையும் பிறர் பணத்தையும் காப்பதற்காக ஏற்பட்டவை. கைப்பேசி வழியே செல்லும் பணத்துக்கு முகமில்லை, குரலில்லை. அனுப்புகின்றவர் யார், பெறுகின்றவர் யார் என்பதை வங்கி வேறு வழியில்தான் உறுதி செய்துகொள்ள இயலும்.

ஆதலின், 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும், அதனையொட்டி ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளும், ஒவ்வொரு கணக்குக்கும் உரியவர் இன்னார் என்று உறுதி செய்யுமாறு வங்கிகளைப் பணிக்கின்றன. வங்கிகளில் கே.ஒய்.சி. என்று வழங்கப்படும் சொல் இதனையே குறிக்கும். ‘வாடிக்கையாளரை அறிந்துகொள்’ என்பது அதன் பொருள்.

ஒருவரைப் பற்றி வங்கி எவ்வளவு அறிந்திருக்கின்றதோ, அவ்வளவுக்கே அவர் கணக்கில் பணம் புழங்க இடமுண்டு. அறிமுகம் குறைவாயின் வரம்பும் குறைவு. அறிமுகம் முழுமையாயின் வரம்பும் பெரிது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

வங்கிக் கணக்கின் மூன்று படிகள்

முதற்படி சிறுகணக்கு. தக்க அத்தாட்சிப் பத்திரம் எதுவும் இல்லாதவர்கூட, வங்கி அலுவலரின் முன்னிலையில் தம் புகைப்படத்தைக் கொடுத்து, கையொப்பமோ கைநாட்டோ இட்டு இதனைத் தொடங்கலாம். ஆனால் இதில் எந்நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருத்தல் கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டலாகாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதுமாகச் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இக்கணக்கு 12 மாதங்கள் நடைபெறும். அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பம் செய்திருப்பதைக் காட்டினால் மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கப்படும்.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அரசாங்க உதவித்தொகையும், நலத்திட்டத் தொகையும், கொள்முதலுக்கான தொகையும் வரும்போது, 50,000 ரூபாய் என்னும் இருப்பு வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஆகவே, நெல்லுக்குரிய 60,000 ரூபாய் சிறுகணக்கில் தடையின்றி வந்து சேரலாம். ஆனால் வெளியே எடுக்கும் வரம்பு தளர்த்தப்படவில்லை. மாதம் 10,000 ரூபாய் வீதம் எடுத்தால், அப்பணம் முழுவதும் கைக்கு வர ஆறு மாதங்கள் செல்லும். அதற்குள் அடுத்த பட்டத்துக்கு நாற்று விட வேண்டிய காலமே வந்துவிடும். வரவுக்கு வழியிருந்தும் செலவுக்கு வழியில்லாத இந்நிலையே சிறுகணக்கின் பெரிய குறை.

இரண்டாம் படி, வங்கிக்குச் செல்லாமலேயே ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொண்டு தொடங்கப்படும் கணக்கு. இதில் இருப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கும், நிதியாண்டின் மொத்த வரவு இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேற்படலாகாது. ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அக்கணக்கு தொடர்ந்து நடைபெற இயலாது.

மூன்றாம் படி, முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட கணக்கு. விளைபொருள் விற்பனையும் பயிர்க்கடனும் நடைபெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்றது இதுவே.

மின்பணப்பைக்கும் படிகள் உண்டு

வங்கிக் கணக்கு வேறு, வாலட் என்னும் மின்பணப்பை வேறு. மின்பணப்பையில் முன்னதாகப் பணத்தை நிரப்பி வைத்துப் பின்னர் செலவிடுகிறோம். ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட நெறிமுறை இதற்கும் படிகளை வகுத்தது. கைப்பேசி எண்ணும், பெயரும், ஓர் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் தொடங்கும் சிறு பணப்பையில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் நிரப்ப முடியாது. இருப்பும் 10,000 ரூபாயைத் தாண்டலாகாது. அதைக்கொண்டு கடையில் பொருள் வாங்கலாம். பிறருக்குப் பணம் அனுப்பவோ, ரொக்கமாக எடுக்கவோ இயலாது. முழுச் சரிபார்ப்பு செய்த பணப்பையிலோ இரண்டு லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். பிறருக்கு அனுப்பவும் செய்யலாம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், தன் கைப்பேசிப் பணப்பையில் உள்ள பணத்தை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை என்று சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும்.

நாள் வரம்புகள்

யூ.பி.ஐ. என்னும் முறை 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தேசியப் பணச்செலுத்தல் கழகம் இதனை நடத்துகின்றது. இதில் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். செலுத்தும் பொழுதுதான் புறப்பட்டுச் செல்லும். ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நாளில் ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். வங்கிகள் தத்தம் விருப்பப்படி இதனினும் குறைந்த வரம்பை வைத்துக்கொள்வதுண்டு. மருத்துவமனை, கல்வி நிலையம், வரி முதலிய சில இனங்களுக்கு மட்டும் இதைவிட உயர்ந்த வரம்பு உண்டு.

புதிய கைப்பேசியிலோ புதிய சிம் அட்டையிலோ இம்முறையில் பதிவு செய்துகொண்டால், முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது. பிறர் சிம்மை வஞ்சகமாகத் தம் வசப்படுத்திக்கொள்ளும் திருடன், உடனே கணக்கைத் துடைத்துக்கொண்டு போகாமலிருக்க ஏற்பட்ட காவல் இது. எனவே, உழவு மாட்டுச் சந்தைக்குப் புறப்படும் காலையில் கைப்பேசியை மாற்றுவது உசிதமன்று. இரண்டு நாள் முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாதாரணப் பொத்தான் கைப்பேசி வைத்திருப்போரும் இம்முறையினின்று விலக்கப்பட்டவரல்லர். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வந்த யூ.பி.ஐ. 123பே முறையில், இணைய வசதியில்லாமலே பணம் அனுப்பலாம். முதலில் 5,000 ரூபாயாக இருந்த அதன் வரம்பை ஒரு தடவைக்கு 10,000 ரூபாயாக உயர்த்துவதாக 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. சில்லறைச் செலவுக்கென ஏற்பட்ட யூ.பி.ஐ. லைட்டில் பின் எண் இடாமலே ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரையிலும், மொத்த இருப்பு 5,000 ரூபாய் வரையிலும் வைத்துக்கொள்ள அதே அறிவிப்பு வழி செய்தது.

பெருந்தொகைக்கு யூ.பி.ஐ. ஏற்றதன்று. பழைய டிராக்டர் ஒன்றை மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒருவரிடம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். யூ.பி.ஐ. வழியே அனுப்பினால் மூன்று நாட்கள் பிடிக்கும். அதற்கு வங்கியின் நெஃப்ட் அல்லது ஆர்.டி.ஜி.எஸ். முறையே தக்கது. ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்பக் குறைந்த அளவு இரண்டு லட்சம் ரூபாய். 2019 டிசம்பர் முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ்.-உம் இரவு பகலாக, விடுமுறை நாட்களிலும் இயங்குகின்றன. இன்ன செலவுக்கு இன்ன வழி என்று முன்னரே தீர்மானித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அத்தாட்சிகளும் பெயர்ச் சிக்கலும்

முழுச் சரிபார்ப்புக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம் ஆகியவற்றுள் ஒன்று அத்தாட்சியாக ஏற்கப்பட்டு வந்துள்ளது. இவற்றோடு பான் எண்ணும் வேண்டும். அஃது இல்லாதவர் அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்கலாம்.

நம் நாட்டில் சரிபார்ப்புத் தடைபடுவதற்கு முக்கிய காரணம் பத்திரமின்மையன்று, பெயர் பொருந்தாமையே. பட்டாவில் ‘மு. கந்தசாமி’ என்றிருக்கும், ஆதாரில் ‘கந்தசாமி முருகேசன்’ என்றிருக்கும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்துப் பின்னால் போயிருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. கணிப்பொறிக்கோ மூவரும் வேறு வேறு ஆட்கள். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் தந்தை பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாகக் கணவர் பெயரின் முதலெழுத்து வருவதால் இச்சிக்கல் இருமடங்காகின்றது. மூன்று பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடிருப்பின் இப்பொழுதே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கைப்பேசி எண். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த எண் பழையதாக இருந்தால், ஓ.டி.பி. நம்மை வந்தடையாது. கைவிட்ட எண் சில காலத்துக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். அப்பொழுது நம் கணக்கின் செய்திகள் அன்னியர் கைக்குப் போகும்.

மண்ணிலும் சேற்றிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமற் போவதும் உண்டு. அதற்காக மனம் சோர வேண்டுவதில்லை. பி.எம். கிசான் சரிபார்ப்பை ஓ.டி.பி. வழியாகவும், பொதுச் சேவை மையத்தில் கைரேகை வழியாகவும், 2023-ஆம் ஆண்டு முதல் முகத்தைக் காட்டும் முறையிலும் செய்துகொள்ள வழியுண்டு.

ஒருமுறை செய்தால் போதாது

சரிபார்ப்பு என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமன்று. இடர் குறைந்த கணக்குகளுக்குப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும், நடுத்தரக் கணக்குகளுக்கு எட்டாண்டுகளுக்கு ஒருமுறையும், இடர் மிகுந்தவற்றுக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் முதன்முதலாகக் கணக்குத் திறந்தவர்களுக்கு, பத்தாண்டு நிறைந்து புதுப்பிக்கும் தருணம் வந்தது. இதன்பொருட்டு 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாடெங்கும் பஞ்சாயத்துகள்தோறும் முகாம்கள் நடத்தப்பட்டன.

முகவரி முதலியவற்றில் மாறுதல் இல்லையெனில் புதிய பத்திரம் கொடுக்க வேண்டுவதில்லை. மாறுதல் இல்லை என்னும் உறுதிமொழியே போதும். 2025 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி செய்த திருத்தத்தினால், இவ்வுறுதிமொழியை ஊருக்கு வரும் வங்கி முகவரிடமே கொடுக்கலாம். கெடு வருமுன் மூன்று முறையும், கெடு கடந்த பின் மூன்று முறையும் வங்கி நினைவூட்ட வேண்டும் என்றும், ஒவ்வொன்றிலும் ஒன்றேனும் கடிதமாக இருக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறுகின்றது. வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பாராமல் பரணில் போட்டுவிடலாகாது.

வரம்பு ஒரு காவல்

வரம்பைத் தடையென்று மட்டும் கருதுதல் தவறு. வயலுக்கு வேலி ஆட்டையும் மாட்டையும் தடுக்கின்றதேயன்றி உழவனைத் தடுப்பதில்லை. நம் கைப்பேசி பிறர் கையில் சிக்கினாலும், அவர் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு ஒரு முடிவு கட்டுகின்றது. பல வங்கிகளின் செயலிகளில் இவ்வரம்பை நாமே குறைத்துக்கொள்ளலாம். மாதம் சில ஆயிரமே செலவிடும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்பு எதற்கு? அறுவடைக் காலத்தில் உயர்த்திக்கொண்டு, மற்றைக் காலத்தில் தாழ்த்தி வைப்பது நலம். பெருந்தொகை ஒரு கணக்கிலும், அன்றாடச் செலவுக்கான சிறுதொகை வேறு கணக்கிலும் இருக்க, பின்னதை மட்டும் கைப்பேசியோடு இணைத்து வைப்பது இன்னும் நலம்.

சரிபார்ப்பையும் வரம்பையும் சாக்காகக் கொண்டே வஞ்சகர்கள் வலை வீசுகின்றார்கள் என்பதை மறக்கலாகாது. ‘கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் இன்று மாலையே கணக்கு முடங்கும்’ என்றும், ‘வரம்பை உயர்த்தித் தருகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்’ என்றும் அவர்கள் தொலைபேசியில் பேசுவார்கள். அரசுத் திட்டத்தின் பெயரால் ஏ.பி.கே. கோப்பு ஒன்றை அனுப்பி, அதனைத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் கைப்பேசியே அவர்கள் வசமாகிவிடும். எந்த வங்கியும் பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ தொலைபேசியில் கேட்பதில்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் இட வேண்டியதே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே இட வேண்டும். இவ்விதியைச் சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

‘உங்கள் கணக்கைச் சில நாட்களுக்குக் கொடுங்கள், பங்கு தருகிறோம்’ என்று ஆசை காட்டி வரும் ஆட்களும் உண்டு. திருட்டுப் பணம் அவ்வழியே சென்றால், வழக்கில் நிற்பவர் கணக்குக்குரியவரே. கணக்கை இரவல் கொடுப்பது கையொப்பமிட்ட வெற்றுத்தாளை இரவல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தடைபட்டால் செய்ய வேண்டுவன

யூ.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து, அவருக்குப் போய்ச் சேரவில்லையெனில், மறுநாள் முடிவதற்குள் அது தானே திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணமாயின் ஐந்து நாட்கள் வரை ஆகலாம். அதற்கு மேலும் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆகவே, பதற்றத்தில் மறுபடியும் மறுபடியும் அனுப்பாமல், பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது நல்லது.

குறை தீரவில்லையெனில் முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட்டு, புகார் எண் பெற வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையீடு செய்யலாம், இதற்குக் கட்டணமில்லை. இது பற்றிய விவரங்களை 14448 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.

பணம் வஞ்சகமாகப் பறிபோயிற்று என்று தெரிந்தால் காலதாமதம் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுமுன் அதனை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தினால் இரண்டு நாள் மறைத்து வைத்தால், அவ்வாய்ப்பு நழுவிப்போகும்.

பஞ்சாயத்தின் கடமை

இத்துறையில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடிய தொண்டு பெரிது. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகின்றது. ஆகஸ்டு 15 கூட்டம் குறுவை அறுவடைக்கு முன்னும், நவம்பர் 1 கூட்டம் சம்பா அறுவடைக்கு முன்னும் வருவன. இவ்விரு கூட்டங்களுக்கும் வங்கிக் கிளையினரையும் வங்கி முகவரையும் அழைத்து, சரிபார்ப்பு நிலுவையிலுள்ள கணக்குகளை அங்கேயே முடிக்க ஏற்பாடு செய்யலாம். சிறுகணக்கு வைத்திருப்போர், விதவைகள், முதியோர், நடக்க இயலாதோர் ஆகியவர்களை வார்டுதோறும் கண்டறிந்து, முதலிடம் அவர்களுக்கு அளிக்க வேண்டும். உதவி செய்யப்போகும் இளைஞர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: படிவம் நிரப்பித் தரலாம், பிறருடைய பின் எண்ணைக் கேட்கவோ தாமே இடவோ கூடாது.

நெல் களத்துக்கு வந்த பின் சாக்குத் தேடுபவனை நாம் நல்ல உழவன் என்று சொல்வதில்லை. அவ்வாறே, பணம் வந்த பின் சரிபார்ப்புக்கு அலைவதும் தகாது. கதிர் முற்றுமுன் கணக்கை முழுமையாக்குவோம். நம் செலவுக்கு ஏற்ற வரம்பை நாமே அமைத்துக்கொள்வோம். அங்ஙனம் செய்யின், உழைத்துப் பெற்ற பணம் வேண்டிய பொழுதில் வேண்டிய இடத்துக்குத் தடையின்றிச் சென்று பயன் தரும்.